சன்னல் வழியாக வந்த பூட்டுகள்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்டால்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் கதவில் பூட்டுத் தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை.

திருவொற்றியூரில் எங்கள் சந்தில் எட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. காலை ஆறு மணிக்கு மேல் அந்த எட்டில் மூன்று வீடுகளிலாவது வெளியே பூட்டுத் தொங்கும், உள்ளே ஒரு வயசுப் பெண் இருக்கும். அம்மாக்கள் இறால் உரிக்கும் கம்பெனிக்கோ மீன் ஏலத்துக்கோ போயிருப்பார்கள். அப்பாக்கள் கடலில். பெரியவளான பெண்ணை வைத்துக் கதவைத் திறந்துபோட்டால் பேச்சு வரும். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னால் எவனாவது வந்து தட்டுவான். வெளியே பூட்டிவிட்டால் ஆளில்லாத வீடு என்று போய்விடுவான். அம்மாவை அவளுடைய அம்மாவும் அப்படித்தான் பூட்டிவிட்டுப் போனாளாம். யாரும் அதைக் கொடுமை என்று சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினேழு. எட்டாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடமாகப் பகலெல்லாம் அந்த ஒரே அறைதான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சந்தைப் பார்த்த ஒரு சன்னல். கக்கூஸ் சந்தின் கோடியில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்ததால் அக்கா காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். அம்மா வந்து திறந்த பிறகுதான் சொம்பைத் தூக்குவாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில்தான் அந்த விளம்பரம் வந்தது. தபால் மூலம் தொழில் கற்கலாம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று. வடக்கே ஏதோ ஓர் ஊர் விலாசம். அக்கா சொல்லச் சொல்ல நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். இரண்டு வாரத்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதில் தொழில்களின் பட்டியல் இருந்தது. அன்று சாயங்காலம் நான் வெளியே சன்னலடியில் நின்று படித்தேன். அவள் உள்ளே நின்று முடிவு சொன்னாள்.

“தையல்,” என்றேன்.

“மெஷினு ஆரு, உன் மாமனாரா வாங்கித் தருவாரு? அத்தோட அளவெடுக்க ஆளு உள்ள வரணும். கதவு பூட்டிக்கீதுடி.”

“ரேடியோ ரிப்பேர்.”

அவள் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிக் காட்டினாள். “நாலு வெரலு கூட இல்ல. இதுல ரேடியோ நொழையுமா?”

“கைக்கடிகாரம்.”

“நொழையும். நம்ம சந்துல ஆரு கைல கடியாரம் கீது? உங்க டீச்சர் ஒருத்தங்க. அவங்களும் நாலு வருசத்துக்கு ஒருக்கா சாவி குடுப்பாங்க போல, எப்பப் பாத்தாலும் லேட்டாதான் மணி அடிக்கிறாங்க.”

“ஹோமியோபதி.”

“எவனாச்சும் செத்துட்டா நீ பதில் சொல்லுவியா?”

கடைசியில் இருந்தது ‘பூட்டும் சாவியும்’. நான் படித்ததும் அவள் கம்பி இடுக்கைத் திரும்பவும் விரலால் அளந்தாள்.

“பூட்டு நொழையும்டி. சாவியும் நொழையும். எல்லார் வூட்லயும் ஒண்ணு கீது. இந்த உப்புக் காத்துல மூணு மாசத்துக்கு ஒரு பூட்டு மண்டயப் போடுது. நான் எங்கயும் போவ வேணாம், ஆரும் உள்ள வர வேணாம். கம்பி வழியா வரும், கம்பி வழியா போவும்.”

அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏதோ ஒரு கெட்டிக்காரத்தனமான வழியைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி சிரித்தாள். அந்தப் பூட்டிய வீட்டை விட்டு வெளியே வர அவள் வழி தேடவில்லை. அதற்குள்ளேயே இருந்துகொண்டு செய்ய ஒரு வேலை தேடினாள். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. பெரியவர்கள் யாருக்கும் கடைசிவரை புரியவில்லை.

சடங்குக்குச் சீர் வந்த பணத்தில் அம்மா அவளுக்கென்று முடிந்து வைத்திருந்ததை அக்கா கேட்டு வாங்கிப் பாடத்துக்குப் பணம் கட்டினாள். “இன்னாவோ புஸ்தகம் படிக்குது, சும்மாதானே கெடக்குது” என்று அம்மாவும் விட்டுவிட்டாள். முதல் பாடம் வந்தது. ‘அன்பார்ந்த சகோதரரே’ என்று ஆரம்பித்தது. பூட்டுத் தொழில் கற்கும் ஒரு பெண்ணை அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். அதைப் பார்த்துவிட்டுத் தபால்காரர் ஒவ்வொரு முறையும் சன்னலருகே சைக்கிளை நிறுத்தி, “இன்னா சகோதரரே, சவுக்கியமா?” என்பார். அக்கா குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “சவுக்கியம் சகோதரரே” என்பாள்.

முதலில் வந்த பூட்டு பக்கத்து வீட்டு அத்தையுடையது. உறவில்லை, அத்தை என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கம் பூட்டு இறுகினால் எல்லோரும் செய்யும் காரியம், எண்ணெய் ஊற்றுவது. தேங்காய் எண்ணெய், அது இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். அத்தை மீன் எண்ணெயே ஊற்றியிருந்தாள். எண்ணெயில் மணலும் கருவாட்டுத் தூளும் போய் உட்கார்ந்து உள்ளே தார் மாதிரி ஆகியிருந்தது.

“எண்ணெ ஊத்தி ஊத்தி வச்சிக்கிறியே அத்தே, இது பூட்டா வடச்சட்டியா?” என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

“அடிப்பாவி, தொறக்கச் சொன்னா வாய்ய தொறக்குறா பாரு!” என்று அத்தை சிரித்தாள். பூட்டு திறந்ததும் ஒரு கை நெத்திலியைக் காகிதத்தில் வைத்துக் கம்பி வழியாகக் கொடுத்தாள்.

எண்ணெய்க்குப் பதில் பென்சில் தூள் போடவேண்டும் என்று இரண்டாம் பாடத்தில் இருந்தது. அதனால் என் பென்சில்கள் எல்லாம் போயின. அக்கா கரியைத் தனியே எடுத்து அம்மியில் நுணுக்கி, ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்தாள். நான் வாரத்துக்கு ஒரு பென்சில் கேட்கிறேன், கையிலிருப்பது சுண்டு விரல் அளவுக்கு வந்துவிடுகிறது, உதட்டோரம் கருப்பு என்று பார்த்த டீச்சர் நான் பென்சில் தின்கிறேன் என்று முடிவு கட்டினார்கள். வகுப்பின் முன்னால் நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்கள். “பூச்சி மருந்து குடுக்கச் சொல்லு உங்கம்மாவ” என்றார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம். எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்லவேண்டிய இடத்தில் வாய் வராது. சொல்லக்கூடாத இடத்தில் வந்துவிடும்.

நான்காம் பாடத்தோடு ஓர் அரமும், பல் வெட்டாத சாவிகள் நான்கும் ஒரு பொட்டலத்தில் வந்தன. பாடத்தின் கடைசியில் தேர்வு. ‘தங்கள் இல்லத்திலுள்ள ஒரு பூட்டுக்கு மாற்றுச் சாவி தயாரிக்கவும்.’ எங்கள் இல்லத்தில் இருந்தது ஒரே பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அசந்து தூங்கும்போது அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து, துணி சோப்பில் அழுத்தி அக்கா அச்செடுத்தாள். அந்த வாரம் முழுவதும் உள்ளேயிருந்து அரம் உரசும் சத்தம் சந்தில் கேட்டது. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து திரும்பவில்லை. மூன்றாவதைச் சன்னல் வழியாக என்னிடம் கொடுத்தாள். “போய் போட்டுப் பாரு.” நான் கதவுப் பக்கம் போய்ப் போட்டேன். திரும்பியது. நாதாங்கி விழுந்த சத்தம் கேட்டு அவள் உள்ளே கைதட்டினாள்.

அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. வேறு யாரிடம் இருக்க முடியும்? பள்ளி விட்டு நாலு மணிக்கு வந்து திறப்பேன். அம்மா வரும் நேரத்துக்கு முன்னால் பூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அக்கா என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. படியில் உட்கார்ந்து தலை வாருவாள். கக்கூஸுக்குப் போய் வருவாள். தண்ணீர் குடிப்பாள், வேண்டிய மட்டும். ஒரே ஒருநாள் கடற்கரையில் கொட்டியிருந்த கருங்கற்கள் வரை போனோம். அலை வந்து அடித்ததும், “இம்மாம் சத்தமா இது? வூட்ல கேக்குறப்ப இம்மாம் இல்லியே” என்றாள். அத்தை எங்களைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னது நான்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா விசைப்படகில் போனால் வர எட்டு, பத்து நாளாகும். அந்தத் தடவை கரைக்கு வந்ததும் ஐஸ் கொட்டுகிற இடத்தில் யாரோ கிண்டலாகக் கேட்டிருக்கிறார்கள். “இன்னா மாமு, உன் பெரிய பொண்ணு பூட்டு தொறக்கக் கத்துக்கினு கீதாமே? எவன் வூட்டுக்கு?” நைனா அதைத் துடைத்துப்போட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு காசிமேடு துறைமுகத்துக்குப் போனார். ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். படகைக் காட்டினார். நைனா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

“அக்கா இன்னாடி பண்ணுது பகல்ல?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், மிரட்டலுக்குப் பயந்து சொல்லவில்லை. நைனாவும் பெருமைப்படுவார் என்று நினைத்தேன். பாவாடை நாடாவில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்துக் காட்டினேன்.

“அக்காவே செஞ்சது நைனா. நம்ம வூட்டுது. தொறக்குது!”

அவர் வாங்கி, தன் சாவியை எடுத்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் சரியாக இருந்தது. “அப்டியே கீதே” என்றார். ஒரு நிமிடம் அவர் முகம் நான் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. பிறகு மாறியது. படகுகளுக்கு நடுவே டீசல் மிதந்த தண்ணீரில் அந்தச் சாவியைப் போட்டார்.

அவர் அக்காவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுது தீர்ந்திருக்கும். அரத்தையும் சாவிகளையும் எடுத்துக்கொண்டார். “எவன் கூட ஓடறதுக்கு இந்த ரிகர்சலு?” என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொல்லி, கைப்பிடி அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தார்கள்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பூட்டு வெளியே தொங்குகிறது. உள்ளே இருப்பவளிடம் நூறு சாவி இருந்தாலும் அவள் கைக்கு அது எட்டாது. ஓடிப்போக நினைக்கும் பெண்ணுக்கு அந்தப் படிப்பால் ஒரு பயனும் இல்லை. இது நைனாவுக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்குத் தோன்றவில்லை, கிண்டல் செய்தவர்களுக்கும் தோன்றவில்லை. தினமும் தங்கள் கையால் வெளியே நின்று பூட்டியவர்கள்தான் எல்லோரும்.

நைனா திரும்பக் கடலுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வாரம் அந்த நாள் வந்தது. குளிர்காலம், அரையாண்டுப் பரீட்சை நேரம். அந்த மாதங்களில் காலையில் காற்று தரைப் பக்கமிருந்து வீசும், மதியத்துக்கு மேல்தான் கடல் காற்று திரும்பும். பத்து மணி இருக்கும். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம். முதலில் மூக்கில் ஊசி குத்தியது போல் இருந்தது. பிறகு கண் எரிந்தது. எங்கள் பகுதியில் தினமும் ஏதாவது நாற்றம் உண்டு, யாரும் கவலைப்படமாட்டோம். இது வேறு. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “காஸு லீக்காம், எல்லாரும் துணிய நனைச்சு மூஞ்சில வச்சிகினு தெக்கால ஓடுங்க” என்றார்கள். வடமேற்கே ஏதோ ஒரு தொழிற்சாலை. எது என்று அன்றும் தெரியாது, பிறகும் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். சந்தே காலியாக இருந்தது. யாரோ விட்டுப்போன அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் அன்று பெண்கள் யாரும் உள்ளே இல்லை. ஒருத்தியின் அம்மாவுக்கு அன்று வேலையில்லை, இன்னொருத்தி ஊருக்குப் போயிருந்தாள். எங்கள் சன்னலில் மட்டும் அக்கா ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

“அத்தை வந்து பாத்துச்சுடி. உங்கம்மா சாவிய எடுத்துகினு போயிட்டாளேம்மா, நான் இன்னா பண்ணட்டும்னு சொல்லிகினே புள்ளைங்கள இழுத்துகினு ஓடிடுச்சு. கல்லு எடு. சீக்கிரம்.”

பாதிச் செங்கல் ஒன்று கிடைத்தது. அவள் உள்ளேயிருந்து இருமிக்கொண்டே பாடம் சொன்னாள். “மூஞ்சில அடிக்காத. பக்கத்துல அடி. கீழ இழுத்துகினே அடி.” பழைய பூட்டாக இருந்தால் விட்டிருக்கும். புதுப் பித்தளையில் செங்கல்தான் உடைந்தது.

ஒரு ஆள் ஓடிவந்தார். வலைக்காரர்தான், முகம் தெரியும். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பூட்டைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

“உங்க நைனா எங்க?”

“கடல்ல.”

“ஆம்பள இல்லாத வூடு. வயசுப் பொண்ணு ஒண்டியா கீது. நான் ஒடச்சிகினு உள்ள போனா நாளைக்கு உங்க நைனாவுக்கு ஆரு பதில் சொல்றது? ஓடிப்போயி உங்கம்மாவ இட்டுகினு வாம்மா.”

அவர் கெட்டவர் இல்லை. தன் துண்டை நனைத்து என் முகத்தில் கட்டிவிட்டுத்தான் ஓடினார்.

அம்மாவின் கம்பெனி வடக்கே இருந்தது, நாற்றம் வந்த பக்கம். நான் சன்னலுக்குத் திரும்பினேன். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் மிளகாய்ப் பொடி போனது. கண் திறக்க முடியவில்லை. அக்கா கம்பி வழியாகக் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுகப் பிடித்தாள்.

“போவாதடி” என்றாள். “போவாத பாப்பா. இங்கயே நில்லு.”

நான் கையை உதறினேன். அவள் கை ஈரமாக இருந்ததால் வழுக்கிவிட்டது. ஓடினேன். வடக்கே இல்லை, தெற்கே. கூட்டத்தோடு டோல்கேட் வரைக்கும் ஓடினேன். பின்னால் அவள் என்னைக் கூப்பிடுவது சந்து முனை வரை கேட்டது.

டோல்கேட்டில் ஒரு கடை வாசலில் உட்காரவைத்து யாரோ சோடா கொடுத்தார்கள். எதிரே பஸ் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. மதியம் கடல் காற்று திரும்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது. திரும்பி நடந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். யார் லுங்கி அவிழ்ந்து ஓடினார், யார் மாமியாரை மறந்துவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று. வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அம்மா காற்றுக்கு எதிராக ஓடவில்லை, காற்றோடுதான் ஓடிவந்தாள். ஆனால் கம்பெனி கேட்டைத் திறந்துவிட நேரமாகியிருந்தது. அவள் வந்து திறந்தபோது அக்கா தண்ணீர்க் குடத்தின் வாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு மூலையில் கிடந்தாளாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. ஆள் தெரியும், வழி தெரியும், அரிசியில் கல் தெரியாது. சாவியின் பல் இனி எப்போதும் தெரியாது. குரலும் கரகரத்துப் போனது, தபால்காரருக்குப் பதில் சொல்லும்போது அவள் வேண்டுமென்றே ஆக்கிக்கொள்ளும் குரல் மாதிரி. வடக்கேயிருந்து இரண்டு கார்டுகள் வந்தன. ‘அன்பார்ந்த சகோதரரே, தங்கள் நான்காம் பாட விடைத்தாள் இதுவரை கிடைக்கவில்லை.’ தபால்காரர் ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அம்மா வேலைக்குப் போனாள். பூட்டினாளா என்று கேட்பீர்கள். பூட்டினாள்.

நைனா கரைக்கு வந்தது அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே. எல்லாவற்றையும் கேட்டார். அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ எங்கடி இருந்த?” என்றார். எனக்கு வாய் வரவில்லை. படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

“நான்தான் போவச் சொன்னேன் நைனா. அது போவ மாட்டேன்னுச்சு. நான்தான் தொரத்துனேன்.”

நைனா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதன் பிறகு அவள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். அத்தையிடம், டீச்சரிடம், பெண் பார்க்க வந்தவர்களிடம். எம்.கே.பி. நகரில் அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு மாமாவிடம், பிறகு பிள்ளைகளிடம். தனியாக இருக்கும்போது நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை. சொல்லச் சொல்லக் கதையில் நான் வளர்ந்துகொண்டே போனேன். இப்போதெல்லாம் நான் பூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கதறுகிறேன். அவள் என்னை அறைந்து அனுப்புகிறாள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் காபி கொண்டுவந்தாள். அக்கா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். “உயிரே போனாலும் உன்ன உட்டுப் போவ மாட்டேன்னு நின்னுச்சும்மா இது. பத்து வயசு.”

மருமகள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “நெசமாவா சித்தி?” என்றாள்.

அக்கா மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தாள். அவளும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

“ஆமாம்மா” என்றேன்.